மீசையில் டி-ரெக் குறைச்சல்

திருப்பூரில் ஒரு பனியன் உருவாவதற்கு நூல் வேண்டும், நிட்டிங் மெஷின் வேண்டும், சாயம் வேண்டும், தைக்க ஆள் வேண்டும். இத்தனையும் முடிந்து வந்து நிற்பது பனியன்தானா என்று தீர்ப்புச் சொல்ல அய்யாசாமி வேண்டும். அவிநாசி ரோட்டில் இருக்கும் கருப்பாத்தாள் நிட்வேர்ஸில் அவர் செக்கிங் மாஸ்டர். தைத்து முடித்த துணியை டியூப்லைட்டுக்குக் கீழே விரிப்பார். ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன நூல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று விழும். அம்பு பட்ட பனியன் வெளிநாட்டைப் பார்க்காது.

கம்பெனியோடு இந்தப் பழக்கம் நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. கல்யாணப் பந்தியில் அய்யாசாமி வாழையிலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வேறு இலை கேட்பார். கேஸ் சிலிண்டர்காரரை மூன்றாவது மாடியிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார், சிலிண்டர் கோணலாக நிற்கிறதென்று. மளிகைக் கடைக்காரர் அன்போடு கொடுத்த காலண்டரில் முருகனின் இரண்டு காதும் ஒரே அளவில் இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர்தான். கடைக்காரர் அடுத்த வருஷம் வெறும் தேதி மட்டும் போட்ட காலண்டர் கொடுத்தார்.

உலகத்தில் அவர் பரிசோதிக்காமல் பாஸ் போட்ட பொருள் ஒன்றே ஒன்று, அவருடைய மீசை. மூக்குக்குக் கீழே அடர்த்தியாகத் தொடங்கி, இரண்டு கன்னத்திலும் சற்று இளைப்பாறிவிட்டு, பிறகு ஏதோ வேலை இருப்பதுபோல் மேலே கிளம்பிப் போகும். புதிதாகச் சேர்ந்த வடநாட்டுப் பையன்கள் முதல் நாள் முதலாளிக்கு வணக்கம் வைப்பதாக நினைத்து அதற்குத்தான் வைப்பார்கள்.

அந்த மீசைக்கு ஒரு யோகம் வந்தது. முதலாளி பொன்னுச்சாமிக்குச் சொந்தமாக ஒரு பிராண்டு வேண்டும் என்று ஆசை.

“எத்தனை நாளைக்குங்ணா அடுத்தவன் லேபிளையே தெச்சுட்டு இருக்கறது? நம்ம பேர்ல ஒண்ணு வேண்டாமுங்களா?”

சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் ஒரு பக்கம் நிறைய இங்கிலீஷ் பெயர்கள் கொடுத்தார். அவற்றில் ஒன்றைக்கூடப் பொன்னுச்சாமியின் தாயார் கருப்பாத்தாளால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்த ஒன்று கெட்ட வார்த்தை மாதிரி இருந்தது. இந்த நிலையில் ஒரு நாள் மதியம், கரண்ட் போன நேரத்தில், அய்யாசாமி சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளை பனியனோடு விசிறிக்கொண்டு நின்றார். பொன்னுச்சாமி வாசலில் நின்று பார்த்தார். கீழே பனியன், மேலே மீசை. ஆலோசகருக்குக் கொடுத்ததெல்லாம் வீண் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பெயர், ‘மீசை மார்க் பனியன்’. அட்டைப்பெட்டியில் அய்யாசாமியின் முகம். ஆடி கழிந்து ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் போட்டோ எடுப்பதென்று முடிவாயிற்று.

வாழ்நாள் முழுக்க ஊரான் லேபிள் நேராக இருக்கிறதா என்று பார்த்தே கண்ணாடி போட்டுக்கொண்டவர், தானே லேபிளாகப் போகிறார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார்.

“மருதா, இனி இந்த ஊர்ல ஒவ்வொருத்தனும் காத்தால என்ற மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் பனியனே போடோணும்.”

“கட்டுன நானே காத்தால பாக்கறதில்லீங்க. ஊர்க்காரங்களாச்சும் பாக்கட்டும்,” என்றாள் மருதாள். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லா வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. சொன்னது அய்யாசாமி இல்லை.

ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கிய வாரம், கண்ணாடி முன் நின்று மீசைக்கு எண்ணெய் தடவும்போது விரல் ஓரிடத்தில் வழுக்கியது. இடது பக்கம், மீசை கன்னத்தில் இளைப்பாறும் அந்த இடத்தில், வட்டமாகக் காலி. மழித்ததுபோல் வழவழவென்று தோல் தெரிந்தது. அவருடைய கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குள் போய் அம்பு ஸ்டிக்கரைத் தேடியது.

இதற்குத் தமிழில் புழுவெட்டு என்று பெயர். பெயரிலேயே குற்றவாளி யார் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்தப் புழுவை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்பது வழக்கை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை. சின்ன வெங்காயத்தை அறுத்துத் தேய்த்தால் புழு ஓடிவிடும் என்றாள் மருதாள். கணியூரில் அவள் தம்பிக்கு வெங்காயக் காடு. அக்காள் புருஷனுடைய மீசைக்கு ஆபத்து என்றதும் அவன் ஒரு மூட்டையே ஏற்றி அனுப்பினான். காலை, மாலை இரண்டு வேளையும் தேய்த்தார்கள். புழு ஓடியதா தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கம்பெனிக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போனார். பஞ்சு பறக்கிற இடத்தில் மாஸ்க் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் இத்தனை வருஷம் பஞ்சு பறந்தபோது போடாத மனிதர் இப்போது டீ குடிக்கும்போதுகூடக் கழற்றாமல், ஓரத்தைத் தூக்கி டம்ளரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அவர் டேபிளில் துணி பார்க்கும் நாகஜோதிக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். வாய்க்கு விடுமுறை விடாத பெண்.

“என்ன அண்ணாச்சி, மாஸ்க்குக்குள்ள சாம்பாரு தாளிக்கியளா? வெங்காய வாடை இங்கன வரைக்கும் வருது.”

“சளி பிடிச்சிருக்குது, அம்முணி. வேலையப் பாரு.”

“சளிக்கு வெங்காயமா? எங்கூர்ல மிளகு ரசம் வைப்போம். நீங்க நேரா மூக்குலயே சமைக்கிய.”

அய்யாசாமி அவள் பார்த்து முடித்த அடுக்கிலிருந்து ஒரு பனியனை எடுத்து, கண்ணுக்கே தெரியாத ஒரு முடிச்சைக் கண்டுபிடித்து, அம்பு ஒட்டினார். ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. காலி வட்டமோ கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

கடைசியில் மகளிடம் போவதென்று முடிவு செய்தார். மகள் அன்புசெல்வி கோயமுத்தூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றி எலிகளை வைத்து ஆராய்ச்சி. சொந்தக்காரர்கள் கேட்டால் மருதாள், “டாக்டர் மாதிரிங்க” என்பாள். ‘டாக்டர்’ எல்லோர் காதிலும் விழும், ‘மாதிரி’ அவள் காதில்கூட விழாது. அய்யாசாமி கழிவறைக்குள் போய் மாஸ்க்கைக் கழற்றி, மீசையை மட்டும் கிட்டத்தில் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினார். வெட்கத்தில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

மகள் எலிகளோடு மும்முரமாக இருந்திருக்கிறாள். பதில் மறுநாள் காலையில்தான் வந்தது. செக்கிங் டேபிளில் குனிந்திருந்த நேரம் போன் ‘டிங்’ என்றது. கண்ணாடியைத் தூக்கி, திரை உச்சியில் மின்னிய வரியை மட்டும் படித்தார்.

‘டி-ரெக் ஷார்ட்டா இருக்கும்ப்பா. லேட் பண்ணாதீங்க. உடனே பாருங்க.’

இங்கேதான் திருப்பூர் குறுக்கே புகுந்தது. பனியன் கம்பெனியின் ஆர்டர் தாளில் டி-ஸ்லிம் என்றால் உடம்பைப் பிடிக்கிற டி-சர்ட். டி-ரெக் என்றால் ரெகுலர் டி-சர்ட், வயிறு உள்ளவர்களுக்கானது. ஷார்ட் என்றால் எண்ணிக்கை குறைகிறது. இதற்கு வேறு பொருள் உண்டு என்று இந்த ஊரில் யாரிடமாவது சொன்னால், சொன்னவருக்குத்தான் வேலை தெரியவில்லை என்பார்கள். அய்யாசாமிக்கு மெசேஜ் அனுப்பியது யார் என்று பார்க்கிற வழக்கமும் கிடையாது. மேட்டர் என்னவென்று மட்டும் பார்ப்பார். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நித்யஸ்ரீதான் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தார். ‘ப்பா’ என்று எழுதியிருப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பாசமான பெண், போகட்டும் என்று விட்டுவிட்டார்.

கட்டிங் பகுதிக்குக் கிட்டத்தட்ட ஓடினார். அங்கே கட்டிங் மாஸ்டர் மாரிச்செல்வம் அப்போதுதான் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சங்கரன்கோவில் பக்கம்.

“மாரி, டி-ரெக் ஷார்ட்டாமாப்பா! லேட் பண்ணாம உடனே பாக்கச் சொல்லி மெசேஜு!”

“என்ன அண்ணாச்சி சொல்லுதிய? கணக்கா வெட்டித்தான கொடுத்தேன்.”

“உன்ற கணக்க அப்பறம் பேசிக்கலாம். கப்பல் போயிருச்சுன்னா நீயும் நானும் பின்னாலயே நீந்தோணும்.”

மாரிச்செல்வம் நீச்சல் தெரியாதவர். துணி உருளைகள் வந்தன. மேஜை நீளத்துக்கு அடுக்கு மேல் அடுக்காக விரித்தார்கள். கத்தி ஓடியது. ஊரில் உள்ள தொப்பைகளுக்கெல்லாம் ஆகும் அளவுக்கு டி-ரெக் வெட்டிக் குவித்த பிறகு, சத்தம் கேட்டு நித்யஸ்ரீ வந்தாள்.

“ஏனுங்ணா, இது எந்த ஆர்டருங்க?”

“நீதான கண்ணு ஷார்ட்டுன்னு மெசேஜ் போட்ட?”

“நானா? டி-ரெக் நேத்தே பேக்கிங் முடிஞ்சு லாரி ஏறிருச்சுங்ளே!”

கட்டிங் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. முதலாளி பொன்னுச்சாமியும் வந்தார். மெசேஜைக் காட்டுங்கள் என்றார். போன் கைமாறியது. பொன்னுச்சாமி படித்தார். அனுப்பியவர் பெயர் ‘பாப்பா’ என்று இருந்தது. அதற்கு மேலே, திரை முழுக்க, இடப்பக்கம் வட்டமாக ஓட்டை விழுந்த ஒரு மீசை.

பொன்னுச்சாமி மீசையைப் பார்த்தார். பிறகு மாஸ்க்கைப் பார்த்தார்.

“அண்ணா, இது யாரோட மீசைங்?”

“அது வந்துங்க மொதலாளிங்க... சளிங்க.”

“சளிக்கு மீசை கொட்டுமுங்களா?”

நாகஜோதி, “அந்த வெங்காயம்!” என்றாள். ஒட்டுமொத்த செக்கிங் பகுதியும் ‘ஓ’ என்றது. அய்யாசாமி மாஸ்க்கைக் கழற்றினார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் சுட்டது.

பொன்னுச்சாமி அதே போனில் பாப்பாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். வெட்டிய டி-ரெக்குகளின் நடுவே நின்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிய ஒரு வகுப்பைக் கருப்பாத்தாள் நிட்வேர்ஸ் முழுவதும் கேட்டது.

“புழு கிழு ஒண்ணும் இல்லீங்க மாமா,” என்றாள் அன்புசெல்வி. முதலாளியை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். “நம்ம ரத்தத்துல டி செல்லுன்னு காவல்காரங்க இருக்கறாங்க. கிருமி வந்தா அடிக்கறதுதான் அவிங்க வேலை. சில சமயம் ஆள் தெரியாம நம்ம சொந்த முடி வேரையே வெளியாளுன்னு நெனச்சு அடிச்சுப் போடுவாங்க. இது எங்கப்பா நல்ல பனியன்ல அம்பு ஒட்டற மாதிரி.”

“அப்படிச் சொல்லு தாயி!” என்றாள் நாகஜோதி. அவளுக்கு அறிவியல் பிடித்துப்போய்விட்டது.

“அந்த மாதிரி ஆளுங்கள அடக்கறதுக்குன்னே ரெகுலேட்டரி டி செல்லுன்னு ஒரு கூட்டம் இருக்குதுங்க. சுருக்கமா டி-ரெக். அவிங்க வந்து, ‘இது நம்ம ஆளு, விட்டுருங்க’ன்னு சொல்லிக் கையப் பிடிப்பாங்க. அவிங்க அங்க கொறஞ்சாலோ, சரியா வேலை செய்யலீன்னாலோ இப்படி ஆகலாம். அதத்தான் எழுதுனேன். அப்பா டாக்டரப் பாக்காம எங்க போனாரு?”

“கட்டிங்குக்குப் போனாரு, கண்ணு,” என்றார் பொன்னுச்சாமி. “அந்த டி-ரெக் எங்க கெடைக்கும்? காதர்பேட்டைச் சந்தையில விசாரிக்கலாமா?”

“கடைல விக்கறது இல்லீங்க மாமா. இதக் கண்டுபிடிச்சவங்களுக்கு நோபல் பரிசே குடுத்திருக்கறாங்க.”

“மீசைக்கா?” என்றார் அய்யாசாமி. அவர் குரலில் முதல் தடவையாக உயிர் வந்தது.

“மீசைக்கு இல்லப்பா! அந்த செல்லு இருக்குது, அது எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு. இப்ப அத வெச்சு என்னென்னமோ பண்ணப் பாக்கறாங்க. ஒருத்தரோட ரத்தத்துல இருந்து டி-ரெக்க மட்டும் பிரிச்சு எடுத்து, வெளிய வெச்சுப் பெருக்கி, திரும்ப அவருக்கே ஏத்தறாங்க.”

“ஜாப் ஒர்க்!” என்று மாரிச்செல்வம் மேஜையைத் தட்டினார். “நம்ம துணிய சாயப்பட்டறைக்கு அனுப்பி வாங்குதோம்லா, அதே கதைதான.”

“அதேதாங்ணா. இன்னும் சில பேர் அந்த செல்லுக்கு ஒரு அட்ரஸ் மாதிரி பொருத்தி, ‘நேரா இந்த எடத்துக்குப் போ, அங்க நடக்கற சண்டைய மட்டும் நிறுத்து’ன்னு அனுப்பப் பாக்கறாங்க. மாத்துக் கிட்னி வெச்சவங்களுக்கு உடம்பு அத ஒதுக்காம இருக்கறதுக்கு, சின்ன வயசுலயே சக்கரை வந்தவங்களுக்கு, இப்படிப் பெரிய பெரிய நோய்க்கு. எல்லாம் இன்னும் பரிசோதனைலதான் இருக்குது.”

அய்யாசாமி போன் பக்கம் குனிந்தார். “கண்ணு, ஒரு சாம்பிள் பீஸாச்சும் வாங்க முடியாதா?”

“அங்க சாம்பிள் பீஸே நம்மதானப்பா. நீங்க மொதல்ல தோல் டாக்டரப் பாருங்க. வெங்காயத்தத் தொடாதீங்க!”

போனை வைத்தார்கள். வெட்டிய துணியைத் தைத்து உள்ளூரிலேயே தள்ளிவிடலாம் என்றார் பொன்னுச்சாமி. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆவணி முகூர்த்தத்தைத் தள்ள முடியாது என்றார். காதர்பேட்டைக் கடைகளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

“மனசுல வெச்சுக்காதீங்ணா. மீசை வளந்தா அப்பறம் பாத்துக்கலாம்.”

“அதுக்கென்னுங்க மொதலாளிங்க,” என்றார் அய்யாசாமி. அவர் ‘அதுக்கென்னுங்க’ என்று சொன்னால் உள்ளே பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அன்று அவர் டேபிளில் எந்தப் பனியனும் பாஸ் ஆகவில்லை.

தோல் டாக்டர் காலி வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊசியாகப் போட்டார். மாதாமாதம் வரச் சொன்னார். சில பேருக்குத் தானாகவே முளைத்துவிடும், சில பேருக்கு நாளாகும், பொறுமை வேண்டும் என்றார். வெங்காயம் தேய்த்துத் தோல் சிவந்திருப்பதைப் பார்த்து, “இனிமேல் அதைக் குழம்பில் போடுங்கள்” என்றும் சொன்னார். கணியூர் மூட்டை அதற்குப் பிறகு அப்படியே செலவானது. மருதாள் வீட்டில் அந்த மாதம் சாம்பார் இல்லாத நாளே இல்லை.

மீசை மார்க்குக்கு வேறு ஆள் பிடித்தார்கள். அவிநாசியில் ஜிம் நடத்தும் பிரதீப். தோள் ஒரு வாசலை அடைக்கும், இடுப்பு ஒரு வளையலுக்குள் போகும், முகத்தில் மட்டும் ஒரு பூனை முடிகூடக் கிடையாது. நாடகக் கம்பெனியிலிருந்து மீசை வாடகைக்கு வந்தது. விளக்கு வெளிச்சத்தின் சூட்டில் அது இரண்டு தடவை கீழே விழுந்து, ஒரு தடவை அவர் வாய்க்குள்ளேயே போய்விட்டதாகச் சொன்னார்கள். எப்படியோ படம் எடுத்து, அட்டைப்பெட்டியின் மாதிரி அச்சாகி வந்தது.

எந்த அச்சானாலும் செக்கிங் மாஸ்டர் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் சட்டம். சட்டம் போட்டது அய்யாசாமி. பெட்டி அவர் டேபிளுக்கு வந்தது. வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள். மூக்குக்கும் மீசைக்கும் நடுவே பசை மினுங்கியது. வலப்பக்கம் நுனி லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாமல் இருக்குமா? கை அம்பு ஸ்டிக்கருக்குப் போய்விட்டது.

நாகஜோதி மெதுவாகச் சொன்னாள்: “ஒட்டிருங்க அண்ணாச்சி. ஒட்டுனா ரிஜெக்ட்டு. யாரும் கேக்க முடியாது.”

அய்யாசாமி வெகுநேரம் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டிக்கர் தாளைக் கீழே வைத்தார்.

“பையன் என்ன பண்ணுவான், பாவம். மீசை மொளைக்காதது ஒரு டேமேஜா? அப்பறம் என்னையும் சேத்து ஒதுக்கோணும். பாஸ்னு போடு.”

அவருக்குள் எங்கோ ஒரு டி-ரெக் கண் விழித்தது என்று எழுத ஆசைதான். அன்புசெல்வி படித்தால் திட்டுவாள். டி-ரெக் ரத்தத்தில் வேலை செய்யும், பெருந்தன்மையில் வேலை செய்யாது. அன்று அய்யாசாமி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருதாள் தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள்.

“பொட்டில மூஞ்சி வரலீன்னா என்னுங்க? பனியனுக்குள்ள இருக்கறது நீங்க பாத்த துணிதான?”

“துணிய யாரு பாக்கறாங்க, மருதா? எல்லாரும் பொட்டியத்தான் பாக்கறாங்க.”

மீசை மார்க் காதர்பேட்டையில் நன்றாகவே ஓடியது. அதுதான் அதன் தவறு. அந்தச் சந்தையில் ஒன்று ஓடினால், பின்னாலேயே அதன் அண்ணன் தம்பிகளும் ஓடிவரும். புரட்டாசியில் ராக்கையா கம்பெனிக்கு வந்தார். காதர்பேட்டையில் மொத்தக் கடை வைத்திருப்பவர். அய்யாசாமியின் செக்கிங் டேபிளில், துணி இல்லாத ஓரமாகப் பார்த்து, பொன்னுச்சாமியின் கண் முன்னால் ஒரு பையைக் கவிழ்த்தார். பெட்டிகள் விழுந்தன. நியூ மீசை, மீசைக்காரன் மார்க், மீசை கோல்டு, ஸ்ரீ மீசை. ஒவ்வொன்றிலும் வாசலை அடைக்கும் தோளோடு ஒருவர், மூக்குக்குக் கீழே ஒட்டிய மீசை.

“பாத்துக்கங்க முதலாளி. எது உங்க பிள்ளை, எது பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னு எனக்கே தெரியல. ஒட்டு மீசைய எவனும் ஒட்டலாம்ல.”

பொன்னுச்சாமி ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது... நம்ம பிரதீப்பே இல்ல?”

பிரதீப்பேதான். போனில் கேட்டபோது அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. “மூஞ்சி என்னுதுங்க சார். மீசை அவிங்க வாடகைக்கு எடுத்ததுங்க. உங்க மீசைய நான் தொடவே இல்லீங்க.” சட்டப்படி இதில் என்ன தப்பு என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

டேபிளுக்கு அந்தப் பக்கம் அய்யாசாமி நின்றிருந்தார். மாஸ்க் போடுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். ராக்கையா தற்செயலாக நிமிர்ந்தவர், நிமிர்ந்தபடியே நின்றார்.

“அண்ணே, இது என்ன டிசைனா?”

காலி வட்டத்தில் முடி முளைத்திருந்தது. அடர்த்தியாக, நீளமாக, குறையேதும் இல்லாமல். ஆனால் பஞ்சு மாதிரி வெள்ளை. புழுவெட்டு ஆறும்போது முதலில் வருகிற முடி பல பேருக்கு வெள்ளையாகத்தான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கருகருவென்று இருக்கும் மீசையில், இடப்பக்கம் மட்டும், வெள்ளை பனியனில் வெட்டிய ஒரு துண்டை ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

பொன்னுச்சாமி பெட்டியைக் கீழே போட்டார். கரண்ட் போன அன்று வாசலில் நின்று பார்த்த அதே பார்வை.

“இத எவன் டூப்ளிகேட் போடுவான்?”

அய்யாசாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மொதலாளிங்க, சொன்னாக் கேளுங்க. இது ஷேடு வேரியேசனுங்க. ஒரே பீஸ்ல ரெண்டு கலர். நானே பாஸ் பண்ண மாட்டனுங்க.”

“இது உங்க டேபிளுக்கு வராதுங்ணா.”

“ஊரு சிரிக்குமுங்க.”

“சிரிச்சா எந்த மீசைன்னு பாப்பாங்க. பாத்தா வாங்குவாங்க. ஏனுங் ராக்கையாண்ணா?”

ராக்கையா ஏற்கெனவே தீபாவளிக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று விரல் விட்டுக்கொண்டிருந்தார்.

போட்டோ எடுக்கிற அன்று அய்யாசாமி சாயம் பூச ஒரு பாக்கெட்டை ரகசியமாக வாங்கி வைத்திருந்தார். மருதாள் அதைக் கண்டுபிடித்து, குப்பை வண்டி வந்தபோது தன் கையாலேயே போட்டாள். அய்யாசாமி வெள்ளை பனியனோடு விளக்குக்கு முன்னால் நின்றார். சிரிக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். எதிரே நிற்கும் கேமராவையே, அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதுபோல் முறைத்தார். அந்த முறைப்போடுதான் பெட்டி வந்தது. வாங்குகிறவனின் யோக்கியதையைப் பரிசோதிக்கிற மாதிரி ஒரு பனியன் பெட்டி திருப்பூரில் அதற்கு முன் வந்ததில்லை.

தீபாவளிச் சரக்கு எடுக்க இந்தூரிலிருந்து வந்த ஒரு சேட்டு, ராக்கையா கடையில் பழைய பெட்டி எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, வெள்ளைப் புள்ளி மேல் விரலை வைத்து, “அஸ்லி மூச்! யஹீ சாஹியே!” என்றார். அசல் மீசை இதுதான், இதுவே வேண்டும் என்கிறார். அதற்குப் பிறகு சந்தையில் அது ஒரு விதியாகிவிட்டது. இடப்பக்கம் வெள்ளை இருந்தால் ஒரிஜினல். நியூ மீசைக்காரர்களும் கம்ப்யூட்டரில் வெள்ளை அடித்துப் பார்த்தார்கள். படத்தைத் திருப்பிப் போட்டதில் அவர்களுடைய வெள்ளை வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. காதர்பேட்டை முழுக்கச் சிரித்தது.

அய்யாசாமி இப்போது பஸ் ஏறினால் கண்டக்டர் பெட்டியின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கல்யாண வீட்டில் பந்திக்குப் போனால் அவரோடு நின்று செல்பி எடுக்க ஒரு வரிசை நிற்கிறது. எடுத்த செல்பியை வாங்கிப் பார்த்து, வெளிச்சம் சரியில்லை என்று இரண்டாவது தடவை எடுக்கச் சொல்கிறார். அண்ணாச்சி இனி செல்பிக்குப் பாஸ் போட லஞ்சம் கேட்பார் போலிருக்கிறது என்று நாகஜோதி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

போன வாரம் எண்ணெய் தடவிவிடும்போது மருதாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தாள்.

“ஏனுங், வேரு கருக்குதுங்களே.”

அய்யாசாமி கண்ணாடியைப் பறித்தார். உண்மைதான். வெள்ளை முடியின் அடியில் அரும்பு அரும்பாகக் கறுப்பு. நிறம் மெல்ல மெல்லத் திரும்பி வருவது நல்ல அறிகுறி என்றார் டாக்டர், உங்கள் உடம்பு சமாதானம் ஆகிவிட்டது என்று கைகொடுத்தார். அய்யாசாமி கையைக் கொடுத்தாரே தவிர, முகத்தைக் கொடுக்கவில்லை. செய்தி போய், பொன்னுச்சாமி பொங்கலுக்கு அச்சடிக்கக் கொடுத்த வெள்ளைப் புள்ளிப் பெட்டிகளை நினைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே அய்யாசாமி மகளுக்குப் போன் போட்டார்.

“கண்ணு, அந்த டி-ரெக் இருக்குதல்ல, டி-ரெக்கு...”

“சொல்லுங்கப்பா. இப்ப நல்லா வேலை செய்யுது போல?”

“அதான் சாமி பிரச்சனையே. பொங்கல் வரைக்கும் அதச் சித்த லீவுல அனுப்ப முடியுமா?”